ஏரிக்கரையில் பால் காய்ச்சியவள்

புஷ்பவதியைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு அவள் காட்டிக்கொடுத்தவள். இன்னொரு கூட்டத்துக்கு அவள் அரசாங்கக் காணியைச் சுருட்டப் பார்த்த கள்ளி. இரண்டு கூட்டத்திலும் அவள் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு. அவள் பல வருஷமாக என் வீட்டு மாடியில் குடியிருப்பவள். எனவே எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது பிடிக்காவிட்டால் நேரில் வந்து என்னிடம் சண்டை போடட்டும்.

என் பெயர் உஷா. சென்னைக்காரி. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புஷ்பவதி யாழ்ப்பாணத்துக்காரி. மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டு மாடிக்கு அவளும் அவள் கணவர் இரவிச்சந்திரனும் குடிவந்த புதிதில், அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசுவது முழுக்க அவளுக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு பழகிவிட்டது. காலையில் அவள் இரும்புப் படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பில் காப்பியை வைப்பேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. இங்கே எல்லோரும் கார்தெரி என்பார்கள். அதன் சமையல்காரி அவள். புஷ்பவதி என்ற பெயர் அந்தப் பிள்ளைகளின் வாயில் நுழையாது. ‘பூஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பருப்பு சூப்பில் யாருக்கும் சொல்லாமல் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுவாள். எந்தப் பிள்ளை காரட்டைப் பொறுக்கி ஒதுக்கும், எதற்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எது அம்மா விட்டுவிட்டுப் போனதும் சாப்பிடாமல் அழும் என்பதெல்லாம் மாலையில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். நான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்குப் பல் விழுந்தது என்று எனக்குத் தெரியும். சொந்த மகன் ரதீசன் கல்யாணம் கட்டிப் பக்கத்து நகரமான லாவலுக்குப் போனபின் அவளுக்கு அந்தச் சமையலறைதான் வீடு.

இரவிச்சந்திரன் ஒரு ஜனவரி மாதத்தில் மாரடைப்பில் போனார். ரதீசன் அப்போது வேலை விஷயமாக அல்பேர்ட்டாவில் இருந்தான். பனிப்புயலில் விமானம் இல்லை. ஆஸ்பத்திரியில் இவளோடு நின்றவர் றெக்ஸ். பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் அறை ஆபீஸ் வைத்துக்கொண்டு வரி, காப்புறுதி, விமான டிக்கெட், நடுவில் கொஞ்சம் கல்யாணப் பேச்சு என்று எல்லாம் பார்க்கிறவர். ஐயரைப் பிடித்தது, மண்டபம் பார்த்தது, பிரெஞ்சில் வந்த அத்தனை பேப்பரையும் நிரப்பியது, மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க ஏற்பாடு செய்தது எல்லாம் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். அந்த நாலு நாள் அவர் நல்ல மனிதர்.

அதற்கு அடுத்த வருஷம் அவர் காணிப் பேச்சோடு வந்தார்.

வடக்கே, பஸ்ஸில் போனால் ஒரு முழுப் பகல் ஆகும் தூரத்தில், சென்-ஒசான் என்று ஒரு சின்ன ஊர். ஆட்கள் வெளியேறி, பள்ளிக்கூடத்தையே மூடிவிட்ட ஊர். எப்படியாவது நாலு குடும்பம் வரட்டும் என்று ஏரிக்கரையில் இருந்த அரசாங்க நிலத்தைத் துண்டு போட்டு, வந்து வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கே சொந்தமாகக் கொடுப்பதாக அறிவித்தார்கள். நிபந்தனை இரண்டுதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு. மூன்று வருஷத்துக்கு, வருஷத்தில் பாதி நாள் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

றெக்ஸுக்கு முழு ஏரிக்கரையும் வேண்டியிருந்தது. ஹோட்டல் கட்டுகிற ஒரு கம்பெனியோடு ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அது பிறகுதான் வெளியே வந்தது. எங்கள் ஆட்களிடம் அவர் சொன்ன கதை வேறு. தமிழருக்கென்று ஏரிக்கரையில் ஒரு குடியிருப்பு, நடுவில் ஒரு பிள்ளையார் கோயில். இப்போதைக்குப் பெயரை மட்டும் கொடுங்கள், கொஞ்ச வருஷம் கழித்து என் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இந்த ஊரில் நம்மவர்கள் பெயர் கொடுப்பது சர்க்கரை கடன் கொடுப்பது மாதிரி. ஒருவர் வாங்கும் காருக்கு இன்னொருவர் பெயர், ஒருவர் குடிபோகும் வீட்டுக்கு இன்னொருவர் கையெழுத்து. கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மனஸ்தாபம். அதோடு நம் பெயர் வைக்கும் வழக்கமும் றெக்ஸுக்குத் தோதாக அமைந்தது. புஷ்பவதியின் பின்னால் நிற்பது அவள் அப்பா வைத்திலிங்கத்தின் பெயர். மகன் ரதீசனுக்குப் பின்னால் இரவிச்சந்திரன். மருமகள் நிரோஜாவுக்குப் பின்னால் அவளுடைய அப்பா பெயர். அங்கே பதிவு செய்கிறவர்கள் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேர். ஒரே குடும்பத்துக்கு மூன்று துண்டு. இப்படியே வீடு வீடாகப் போய் ஏரிக்கரையில் பாதியை வளைத்துவிட்டார்.

எனக்குச் சங்கதி தெரிந்தபோது அவள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

“இல்லாத வீட்டுல இருக்கேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க புஷ்பா. அரசாங்க நிலம் அது” என்றேன்.

“அவர் கேட்டது பேர் மட்டும்தானே அக்கா. என்ர மனுசன் செத்த அண்டைக்கு அந்தத் தம்பி என்னட்ட ஒண்டும் கேட்கேல்லை. இப்ப ஒண்டு கேட்கிறார். எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது? அதோட அங்க பிள்ளையார் கோயில் வரப்போகுதாம்.”

“பிள்ளையாரையும் கூட்டுச் சேர்த்துட்டானா அவன்!” என்று கத்தினேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் பேச்சில்லை.

மே மாத நீண்ட வாரக்கடைசியில் இரண்டு பஸ் பிடித்து எல்லோரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார் றெக்ஸ். கோயில் சுற்றுலா போகிற மாதிரி புளிச்சாதமும் றோல்ஸும் பாட்டுமாகப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு லாரியின் முதுகில் மரத்தாலான ஒற்றை அறை வீடு ஒன்று காத்திருந்தது. ஆம், ஒன்றே ஒன்று. அதை முதல் துண்டில் இறக்கி, கதவில் இலக்கத்தை ஒட்டி, திரைச்சீலை மாட்டி, சொந்தக்காரரை வாசலிலும் உள்ளே அடுப்படியிலும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். குளிர் ஜாக்கெட் போட்டு ஒரு படம், கழற்றிவிட்டு ஒரு படம். இரண்டு பருவத்துக்கும் ஒரே நாளில் வேலை முடிந்தது. பிறகு இலக்கத்தையும் திரைச்சீலையையும் மாற்றி, வீட்டை அப்படியே தூக்கி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோவார்கள்.

புஷ்பவதிக்கு விழுந்தது ஒன்பதாம் துண்டு. மற்றவர்கள் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். இவள் பையிலிருந்து ஒரு புதுச் சட்டி, பால், மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு சின்னக் காஸ் அடுப்பு எல்லாம் எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். ஒருவரும் சொல்லவில்லை. அவளாகவே கொண்டுபோனது. புது வீட்டில் பால் காய்ச்சாமல் காலடி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

றெக்ஸ் முதலில் எரிந்து விழுந்தாராம். பிறகு அவர் மூளை வேலை செய்திருக்கிறது. குடியிருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்து, அவள் கைகூப்பி நிற்க, பால் பொங்கி வழிவதைப் படம் எடுத்தார். பஸ்ஸில் வந்த பெண்கள் அரோகரா சொன்னார்கள். அடுப்பைப் பலகைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். வழிந்த பால் நெருப்பில் தீய்ந்து, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு, வால் வைத்த மாதிரி ஒரு கரிய கறை விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வீடு பத்தாம் துண்டுக்குப் போக வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் கோபத்தை மறந்து என்னிடம் ஓடி வந்தாள். “பால் நல்லாப் பொங்கினது அக்கா. கிழக்காலதான் வழிஞ்சது” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“எந்த வீட்டுல புஷ்பா?” என்றேன்.

அந்தக் கேள்வி அன்றைக்கே அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் கத்தரின் வந்தாள். முப்பது வயது இருக்கும். மரவேலை செய்கிறவர்களின் கனத்த பூட்ஸ், கையெல்லாம் கீறல். மாடிக் கதவைத் தட்டி, புஷ்பவதி வைத்திலிங்கம் இருக்கிறாரா என்று கேட்டாளாம். புஷ்பவதி பயந்துபோய் என்னையும் மேலே கூப்பிட்டாள்.

கத்தரின் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் போட்டிருப்பேன். அவள் சென்-ஒசானில் பிறந்தவள். பள்ளிக்கூடம் மூடியபோது அப்பா குடும்பத்தோடு வெளியேறிவிட்டார். இவள் மட்டும் திரும்பிப் போயிருக்கிறாள். ஒன்பதாம் துண்டின் பின்பக்கம், மரங்களுக்கு நடுவே, முதலில் ஒரு காரவனில் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையால் ஒரு வீடு கட்டினாள். ஆனால் விண்ணப்பிக்கத் தாமதித்துவிட்டாள். விண்ணப்பித்தபோது, அந்தத் துண்டில் ஏற்கெனவே ஒரு அம்மாள் குடியிருக்கிறார் என்று சொல்லிப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தின் பிரதியை மேசையில் வைத்தாள். “இது நீங்கள்தானே?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“ஓம்” என்று தமிழிலேயே ஒப்புக்கொண்டாள் புஷ்பவதி.

“நான் இரண்டு கோடையும் ஒரு முழுக் குளிர்காலமும் அங்கே இருந்திருக்கிறேன். உங்களை ஒருநாளும் பார்த்ததில்லை.”

புஷ்பவதி எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“பனி விழுவதற்குள் நான் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம்” என்றாள் கத்தரின். “பிரிப்பதற்கு முன்னால் உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.” பிறகு படத்தில் விரலை வைத்து, “இந்தப் பால் எதற்கு?” என்று கேட்டாள்.

புஷ்பவதி தன் கார்தெரிப் பிரெஞ்சில் சொன்னாள். புது வீட்டுக்குள் போகும்போது முதலில் பால் காய்ச்சுவோம், அது பொங்கி வழிந்தால் அந்த வீட்டில் எல்லாம் நிறைந்து இருக்கும் என்று.

“நல்ல வழக்கம்” என்றாள் அந்தப் பெண். குத்தலாகச் சொல்லவில்லை. புஷ்பவதி கொடுத்த தேநீரைக் கடைசிவரை குடித்துவிட்டு, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கத்தரின் மொன்ட்ரியாலுக்கு வருமுன்பே காணி அலுவலகத்திலும் முறையிட்டிருக்கிறாள். அதனால் அங்கே யாரோ ஒருவர் எல்லோருடைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பத்தாம் துண்டு வீட்டின் தரையில் ஒரு கறை. பதினோராம் துண்டு வீட்டிலும் அதே கறை. அதற்கு மேலே போன வீடுகளில் பாதிக்கு மேல், அடுப்படியில் அதே இடத்தில் அதே வால் வைத்த கரிய கறை. திரைச்சீலையை மாற்றியவர்கள் தரையை மாற்றவில்லை. அது எப்படி வந்தது என்று தேடினால், ஒன்பதாம் துண்டில் ஒருத்தி கைகூப்பிப் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

விசாரணை தொடங்கியதும் றெக்ஸ் வந்தார். அவர் வந்தபோது நானும் மாடியில் இருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, ஒரே கொம்பனி செய்த வீடுகள், எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் எண்டு நாங்கள் சொல்லுவம். ஒருத்தரும் வாய் திறக்காட்டி அவையளால ஒண்டும் செய்ய ஏலாது. கோடையில அங்க இருந்தனான் எண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ, காணும்.”

“அந்தப் பிள்ளை?” என்றாள் புஷ்பவதி.

“எந்தப் பிள்ளை? அவள் சின்னப் பொம்பிளை, வேற இடத்தில கட்டுவாள். உங்களுக்குத்தான் பயப்பிடுறன் அக்கா. உண்மையைச் சொல்லுறன் எண்டு வெளிக்கிட்டியள் எண்டால் மோசடிக் கேஸ். பொலிஸில பேர் விழுந்தால் பேந்து கார்தெரிக்காரர் உங்களை ஒருநாளும் வச்சிருக்க மாட்டினம். குழந்தைப் பிள்ளையளோட வேலை செய்யிற ஆள் நீங்கள். யோசியுங்கோ.”

அவர் சொன்ன பொய்கள் எத்தனையோ. இது ஒன்று உண்மை. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பொலிஸில் விசாரித்துச் சான்றிதழ் வாங்குவது இங்கே வழக்கம். அவள் வேலை செய்யும் இடத்தின் நிர்வாகக் குழு அதில் மிகவும் கறாரானது என்று அவளே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்தால் சமையலறை போகும். திறக்காவிட்டால் கத்தரின் வீட்டைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். ஒரு வக்கீலையும் போய்ப் பார்த்தோம். அவர் நிறையப் பேசினார், வழி ஒன்றும் அகப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி கீழே வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளும் ஒரு கீரைக்கட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளை பால் காய்ச்சேல்லை அக்கா, ஆனா அங்க இருக்கிறாள். நான் காய்ச்சினன், இருக்கேல்லை.”

“அவசரப்படாதீங்க புஷ்பா. இன்னும் நாள் இருக்கு” என்றேன்.

“ஊரில எங்கட வீட்டில ஆமிக்காரன் இருபது வருஷத்துக்கு மேல இருந்தவன். எங்களை உள்ள விடேல்லை. ஐயா அந்த வீட்டைப் பாக்காமலே செத்துப்போனார். அவனில எனக்குப் பெரிய கோவம். ஆனா அவன்ர பேர் எனக்குத் தெரியாது அக்கா. பேர் தெரியாத ஒருத்தனைத்தான் நான் இவ்வளவு காலமும் திட்டினனான்.” கீரையைக் கீழே வைத்தாள். “இந்தப் பிள்ளைக்கு என்ர பேர் தெரியும்.”

எனக்கு அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, முதலில் கார்தெரி நிர்வாகியிடம் எல்லாவற்றையும் தானே சொன்னாள். வேறு யார் வாயிலிருந்தும் அவருக்கு அது போகக் கூடாது என்று நினைத்தாள். அதன் பிறகு வக்கீலோடு போய் வாக்குமூலம் கொடுத்தாள். ஒரே வீடு, ஒரே நாள், லாரி, மாற்றி மாற்றி ஒட்டிய இலக்கம், ஜாக்கெட், தன் குடும்பத்தின் மூன்று பெயர், ஒன்றையும் விடவில்லை. எனக்குத் தெரியாது, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லும்படி வக்கீல் கெஞ்சினார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றாள்.

ஒருத்தி வாய் திறந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்கள். றெக்ஸ் கைதானார், பிறகு சிறைக்கும் போனார். பெயர் கொடுத்தவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறை இல்லாமல், பொதுவேலை செய்யும் தண்டனையோடு தப்பினார்கள். ரதீசன் அம்மாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. கோயிலில் அவள் வந்து நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஆபத்துக்கு உதவியவனைக் கம்பி எண்ண வைத்துவிட்டாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அதைச் சொன்ன ஒருத்தியிடம் நான் கோயில் தேரடியில் வைத்தே சண்டை பிடித்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் புஷ்பவதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். “அவையள் சொல்லுறதும் உண்மைதானே அக்கா. அவர் எனக்கு நல்லது செய்தவர்தானே” என்றாள்.

ஒன்பதாம் துண்டு கத்தரினுக்குக் கிடைத்தது. வக்கீல் மூலமாகத்தான் கேள்விப்பட்டோம். அவள் ஒரு போன் பண்ணவில்லை, ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அதிலும் கோபம்.

“ஏன் நன்றி சொல்லவேணும்? களவெடுத்ததைத் திருப்பிக் குடுத்ததுக்கோ?” என்று கேட்டாள் புஷ்பவதி.

கார்தெரியின் நிர்வாகக் குழு இரண்டு முறை கூடியது. நிர்வாகி அவளுக்காக அழுது பேசினாராம். ஆனாலும் முடியாது என்று முடிவாயிற்று. கடைசி நாளில் பிள்ளைகள் மதியத் தூக்கம் தூங்கும் நேரத்தில் கிளம்பிவிட அவளே அனுமதி கேட்டாள். சூப்பை மூடி வைத்து, ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். விழித்து எழுந்த பிள்ளைகளிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடையில் காய்கறி கழுவி அடுக்குகிறாள். தண்ணீரில் நின்று நின்று விரல்கள் வெடித்திருக்கின்றன. மாலையில் அவள் வாயிலிருந்து இப்போது கத்தரிக்காய் விலையும் மெட்ரோ கூட்டமும்தான் வருகின்றன. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கார்தெரி இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாக வீட்டுக்கு வருகிறாள்.

போன ஏப்ரலில் ஒருநாள் அவளுக்கு விடுமுறை. இருவரும் மருந்துக்கடைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். வெயில் இருந்தது, காற்று மட்டும் கடித்தது. மூலையில் திரும்பியதும் எதிரே பிள்ளைகள் வந்தார்கள். நீளக் கயிறு ஒன்றில் கோத்த வளையங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் ஆசிரியைகள் வர, பூங்காவிலிருந்து திரும்பி வருகிற வரிசை.

முதலில் பார்த்தது நடுவில் வந்த ஒரு சின்னப் பெண். “பூஷ்!” என்றாள். உடனே எல்லோரும் “பூஷ்! பூஷ்!” என்று கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சின்னவள் வளையத்தை விட்டுவிட்டு இரண்டடி ஓடியே வந்துவிட்டாள். ஆசிரியை பிடித்து நிறுத்தினாள். அந்த ஆசிரியைக்குப் புஷ்பவதியைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

புஷ்பவதி சட்டென்று திரும்பி, பக்கத்தில் இருந்த தெப்பனேர் என்கிற பெட்டிக்கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் லாட்டரி விளம்பரம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்தாள். நான் அவளுக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தச் சின்னவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே போனாள். தலைமுடி காற்றில் பறந்தது.

சத்தம் தேய்ந்து அடங்கும்வரை புஷ்பவதி திரும்பவில்லை.

“அக்கா” என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. “எல்லாரும் தொப்பி போட்டிருந்தவையோ?”

“போட்டிருந்தாங்க புஷ்பா. எல்லாரும் போட்டிருந்தாங்க” என்றேன்.